நகரத்தின் பொதுப்பந்தி

நுழையும்முன்

ஒரு நகரத்தை அதன் கட்டடங்களைக் கொண்டு அறியலாம். அங்கு உழைப்போர் எங்கே பசியாறுகின்றனர் என்பதைக் கொண்டும் அறியலாம். மும்பையின் உணவிடங்களை முன்வைத்து ஒரு கருத்தை வலியுறுத்துகிறது இக்கட்டுரை.

மும்பை மாநகரைக் காண வருவோர் கடற்கரை வளைவையும் பழைய தொடர்வண்டி நிலையத்தையும் கண்டு வியக்கின்றனர். அவற்றைக் காப்பதற்குச் சட்டங்களும் உள்ளன. ஆனால், அந்நகர மக்களை ஒரே மேசையில் அமர்த்திய எளிய உணவிடங்களைக் காப்பதைப் பற்றி எவரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. அவையும் மரபுச்செல்வங்களே, அவற்றைக் காப்பது நகரத்தின் கடமை.

தெருமுனைத் தேநீர்க்கடைகள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அதனை அடுத்த ஆண்டுகளிலும் ஈரானின் யஸ்து, கெர்மான் பகுதிகளிலிருந்து ஜரதுஷ்டிர சமயத்தார் பலர் மும்பைக்கு வந்தனர். அவர்கள் தெருமுனைகளில் திறந்தவையே 'இரானி' கடைகள். 1904இல் தொடங்கிய கயானியும் 1923இல் தொடங்கிய பிரிட்டானியாவும் அவ்வகையில் புகழ்பெற்றவை. பளிங்குப் பலகை மேசை, வளைந்த மரநாற்காலி, வெண்ணெய் தடவிய பன், பால் கலந்த சூடான தேநீர் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். சாதி பார்த்துப் பந்தி பிரித்த காலத்தில், காசு கொடுத்த எவரும் அங்கே அருகருகே அமர்ந்தனர். பேச்சுமேடைகள் கற்பிக்க முயன்ற சமத்துவத்தை ஒரு கோப்பைத் தேநீர் ஓசையின்றிப் பழக்கியது.

இலையும் இட்லியும்

மாதுங்கா தென்னிந்தியர் மிகுதியாகக் குடியேறிய பகுதி. அங்குள்ள தொடர்வண்டி நிலையத்தின் அருகே 1942 முதல் வாழையிலையில் உணவு பரிமாறி வருகிறது ஓர் உடுப்பி உணவகம். தாராவியில் வாழும் தமிழர் பலர் விடியுமுன் எழுந்து இட்லி அவித்து, மிதிவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக விற்கின்றனர். பல மொழியினரின் காலைப்பசி அதனால் தணிகிறது. ஊர்விட்டு வந்தவர் தம் அடுப்பையும் உடன் கொண்டுவர, அது வந்த ஊரின் சுவையாகவும் மாறிவிடுகிறது.

ஆலையும் அன்னமும்

மும்பையின் பஞ்சாலைத் தொழிலாளர் பலர் குடும்பத்தைக் கிராமத்தில் விட்டுவிட்டு வந்தவர்கள். அவர்களுக்குத் தம் சிறிய வீடுகளில் சமைத்துப் பரிமாறிய பெண்கள், கடன்காரர் பிடியிலிருந்து மீள 1975இல் 'அன்னபூர்ணா மகிளா மண்டல்' என்னும் அமைப்பின்கீழ் ஒன்றுசேர்ந்தனர். 1982இல் தொடங்கிய மாபெரும் வேலைநிறுத்தத்திற்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. வேலை இழந்தோர் சிலருக்கு வடாபாவ் கடையே வாழ்வளித்தது. நின்றுகொண்டே உண்ணத்தக்க அந்த எளிய பண்டம், ஓடிக்கொண்டேயிருக்கும் நகரத்திற்கு ஏற்ற உணவாயிற்று.

மறையும் மேசைகள்

இன்று இரானி கடைகளுள் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. வாடகை உயர்வும், பழைய கட்டடங்களின் இடிப்பும், அடுத்த தலைமுறையினர் வேறு தொழில் நாடுவதும் அதற்குக் காரணங்கள். ஆலைநிலங்கள் பலவற்றில் வணிக வளாகங்கள் எழுந்துள்ளன. அங்கும் உணவு கிடைக்கிறது; ஆனால், அதன் விலையும் வாயிற்காவலரின் பார்வையுமே உழைப்பாளியை வெளியே நிறுத்திவிடுகின்றன.

தெருவோரக் கடைகள் தூய்மையற்றவை, நடைபாதையை அடைப்பவை என்று சிலர் குறை கூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், குழாய்நீரும் குப்பைத்தொட்டியும் உரிய இடமும் தராமல் தூய்மையை மட்டும் எதிர்பார்ப்பது முறையன்று. 2014ஆம் ஆண்டின் தெருவோர வணிகர் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காடு வணிகரே இடம்பெற வேண்டும் என்கிறது. அக்குழுக்கள் முறையாக இயங்கினால், நடப்போர்க்கும் விற்போர்க்கும் இடம் பிரித்துத் தர இயலும்.

எல்லாக் கடைகளையும் அரசு தாங்கிப்பிடிக்க இயலாது என்பதும் மெய்யே. பழைய உணவிடங்களுக்கு வரிச்சலுகை தரலாம்; கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது அதே இடத்தை மீண்டும் அளிக்கலாம். ஏழையும் செல்வரும் தோளுரசி உண்ணும் இடம் இல்லாத ஊரில் மாளிகைகள் பெருகலாம். மக்கள் ஒருவரையொருவர் அறிதல் குறைந்துபோகும்.

சிந்தித்து விடையளிக்க

1. இரானி கடைகள் சமத்துவத்தை வளர்த்தன என்னும் கருத்துக்குக் கட்டுரை தரும் சான்று யாது?
2. தெருவோரக் கடைகள் குறித்த குறைபாடும் அதற்கான மறுமொழியும் யாவை?
3. நீங்கள் வாழும் ஊரில் காக்கப்பட வேண்டிய உணவிடம் ஒன்றைப் பற்றிக் காரணங்களுடன் ஒரு பத்தி எழுதுக.