மரத்துக்குச் சட்டம் உண்டு, லயத்துக்கு இல்லையா?

கேமரன் மலைத் தோட்டப்புற மக்களே,

உங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேர் வேலையிலிருந்து ஓய்வு பெறுவார்கள்? நிர்வாகத்துக்குத் தெரியும். நீங்களே விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவீர்கள். தானா ராத்தாவில் இருக்கும் மாவட்ட மன்றம் மட்டும் அதைத் தெரிந்துகொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை! ஓய்வு பெற்றவர் எங்கே போய்க் குடியிருப்பார் என்று கேட்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

தோட்டத்தில் வீடு வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990-ம் ஆண்டின் 446-வது சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்தினார்கள், 2020 ஜூன் முதல் திருத்தம் அமலில் இருக்கிறது. முதலாளி கொடுக்கும் வீட்டில் தண்ணீர், மின்சாரம், சுகாதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. தேவையான சட்டம்தான். ஆனால் அது பேசுவது வேலையில் இருப்பவரின் வீட்டைப் பற்றி. வேலை முடிந்தவர் எங்கே போய்க் குடியிருப்பார் என்பதற்கு அதில் வழி இல்லை. முப்பது நாற்பது வருடம் கொழுந்து பறித்த அம்மாவின் கைக்கு வருவது வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம். நீதிமன்றம் போனால் அவரைப் பெரும்பாலும் வாடகைக்காரராகக்கூட ஏற்பதில்லை. வேலைக்காகத் தங்க அனுமதிக்கப்பட்டவர், அவ்வளவுதான்.

முதலாளியை மட்டும் திட்டி ஓய்ந்துவிடுகிறோம். நிலம் யார் கையில்? மாநில அரசாங்கத்தின் கையில். ஊராட்சி மன்றமும் மாநிலத்தின் கையில். எங்கே வீடு கட்டலாம், எங்கே ஓட்டல் கட்டலாம் என்று தீர்மானிக்கும் ஆவணத்தின் பெயர் உள்ளூர்த் திட்டம், மலாயில் 'ரன்சாங்கான் தெம்பாத்தான்'. 1976-ம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் (172-வது சட்டம்) சொல்லும் திட்டம் அது. மாநிலத் திட்டக் குழுவுக்கு மந்திரி பெசாரே தலைவர்.

அந்தச் சட்டத்தின் 12-ம் பிரிவைப் படித்துப் பாருங்கள். உள்ளூர்த் திட்டத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போட்டிருக்கிறது. நிலப் பயன்பாடு, மலையின் இயற்கை அமைப்பு, மரங்களைக் காப்பதும் நடுவதும், திறந்த வெளி, கட்டடங்களின் தோற்றம், போக்குவரத்து நெரிசல். மரம் இருக்கிறது, கார் இருக்கிறது, கட்டடத்தின் அழகு இருக்கிறது. வீடில்லாமல் போகப் போகும் தோட்டக் குடும்பம் இல்லை! மாநிலக் கட்டமைப்புத் திட்டத்துக்கான பிரிவில் சமூக, பொருளாதார நலன் என்று ஒரு சொல் வருகிறது. அந்த ஒரு சொல்லை நம்பி யாரும் கூரை போட முடியாது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1969-லேயே ஒரு சட்டம் போட்டார்கள். ஒவ்வொரு நகரமும் மாவட்டமும் தன் எல்லையில் யாருக்கு எத்தனை வீடு வேண்டும் என்று கணக்கெடுத்துத் திட்டம் போட வேண்டும். முதியவர், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்கள், பண்ணைத் தொழிலாளர் ஆகியோரின் தேவையைத் தனியாக எழுத வேண்டும். எத்தனை வீட்டுக்கு அனுமதி கொடுத்தாய், எத்தனை கட்டி முடிந்தது என்று வருடா வருடம் ஏப்ரல் 1-க்குள் மாநிலத்துக்கு அறிக்கை போக வேண்டும். 2023-ல் ஹன்டிங்டன் பீச் நகரம் முரண்டு பிடித்தபோது மாநில அரசே அதை நீதிமன்றத்துக்கு இழுத்தது. அங்கேயும் பண்ணைத் தொழிலாளர் சொர்க்கத்தில் வாழவில்லை. அறிக்கை வீடு கட்டாது. ஆனால் "எங்களுக்குத் தெரியாது" என்று கைவிரிக்க ஒரு மன்றத்துக்கும் வழியில்லை.

"தோட்டம் தனியார் நிலம், நாங்கள் தலையிட முடியாது" என்பார்கள். கேட்டுக் கேட்டுக் காது புளித்த பதில். இலங்கையில் 1987-ம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33-ம் பிரிவு இதே சாக்கைத்தான் சட்டமாகவே வைத்திருந்தது. மலையகத் தமிழர் விடாமல் கேட்டார்கள், 2018-ல் திருத்தினார்கள். அவர்களுக்கு உள்ளூராட்சித் தேர்தலாவது இருக்கிறது. நமக்கு 1965-ல் நிறுத்திய ஊராட்சித் தேர்தல் இன்றுவரை திரும்பவில்லை. மன்ற உறுப்பினர்களை மாநில அரசாங்கம் நியமிக்கிறது. நம் ஓட்டுக்குப் பயப்படத் தேவையில்லாதவர்களிடம்தான் நாம் வீடு கேட்கிறோம்.

மலைச்சரிவு, நீர்ப்பிடிப்பு, அதனால் நிலமில்லை என்றும் சொல்வார்கள். பிரிஞ்சாங்கில் அடுக்குமாடியும் ஓட்டலும் எழும்பியிருப்பது எந்தச் சமவெளியில்?

இருக்கிற சட்டத்திலும் ஒரு வாசல் உண்டு. உள்ளூர்த் திட்ட வரைவையோ அதன் திருத்தத்தையோ 13-ம் பிரிவின்படி மக்கள் பார்வைக்கு வைத்தாக வேண்டும். ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் தர வேண்டும். எழுதுகிறவர் கையில் நிலக் கிராண்ட் இருக்க வேண்டும் என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை. லயத்தில் குடியிருப்பவரும் எழுதலாம், நேரில் விளக்க வேண்டும் என்றும் கேட்கலாம். ஊராட்சிச் சட்டத்தின் (1976, 171-வது சட்டம்) 23-ம் பிரிவின்படி மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. மன்றமே தீர்மானம் போட்டு மூடினால்தான் மூடல். பத்துப் பேர் போய் உட்காருங்கள்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள், நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கேட்க வேண்டியவை: ஒவ்வொரு தோட்டத்திலும் எத்தனை குடும்பங்கள், ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேருக்கு ஓய்வு, அவர்கள் வாங்கக்கூடிய விலையில் மாவட்டத்தில் எத்தனை வீட்டுக்கு அனுமதி, அதற்கென்று எந்த நிலம். இந்த நான்கு கணக்கையும் ஒவ்வொரு ஆண்டும் வெளியிட வேண்டும் என்று எழுதுங்கள். உங்கள் தோட்டத்துக் கணக்கை இந்த வாரமே வீடு வீடாகப் போய் எடுத்து, அந்தக் கடிதத்தோடு இணைத்துக் கொடுங்கள்.