வேருக்குள் நடக்கும் போர்

மாத்தளை மலைகளில் கோப்பிப் பயிரை அழித்தது ஒரு பூஞ்சணம். 1869இல் இலங்கையில் அறியப்பட்ட இலைத் துரு நோயினால் துரைமார் சிலர் நொடித்தனர். மன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து வந்த நம் முன்னோரோ வேலையும் அரிசியும் இழந்தனர். 1880இல் நோயை ஆராய வந்த மார்ஷல் வார்ட், மலைக்கு மலை ஒரே பயிரை நட்ட முறையே நோய்க்கு வழி திறந்துவிட்டது என்று காட்டினார். இலாப வெறிக்கு அவ்வுண்மை உறைக்கவில்லை.

பூஞ்சணம் யாவும் பகை அல்ல. மாத்தளையின் மிளகுக் கொடியையும், தம்புள்ளை, கலேவெலைப் பகுதிகளின் தக்காளி, கத்தரியையும் தாக்கவல்ல வேர்முடிச்சு நூற்புழு, வேருக்குள் புகுந்து முடிச்சுகளை உண்டாக்கிச் செடியின் நீரையும் உணவையும் மறிக்கிறது. அப்புழுவின் முட்டைகளைத் துளைத்து உண்ணும் பூஞ்சணமொன்று 1979இல் பெரு நாட்டு ஆய்வுகளில் வெளிப்பட்டது. பர்புரியோசிலியம் என்று இன்று அழைக்கப்படும் அதனை அவித்த அரிசியிலேயே வளர்க்கலாம்.

நூற்புழுவுக்கு நஞ்சு இல்லையா என்று கேட்போர் உண்டு. இருந்தது. டி.பி.சி.பி. என்னும் நஞ்சைத் தயாரித்த கலிபோர்னியத் தொழிலாளர் பலர் மலடாகியிருந்தனர் என்பது 1977இல் அம்பலமாயிற்று. 1979இல் அமெரிக்கா, ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் நீங்கலாக, அதனைத் தடுத்தது. ஆனால் ஆபத்து வெளிப்பட்ட பின்னரும் அது ஏழை நாடுகளின் வாழைத் தோட்டங்களுக்குச் சென்றது. அந்நாட்டு உழைப்பாளியின் உடல் மட்டும் மலிவோ?

ஆயினும் நஞ்சை ஒழிக்க ஓர் ஆணை போதும் என்போரோடும் நாம் உடன்படோம். 2021 மே மாதத்தில் இரசாயன உரத்துக்கும் கிருமிநாசினிக்கும் வர்த்தமானியில் தடை வந்தது. விளைச்சல் சரிந்தபின் நவம்பரில் அது நீங்கியது. மாற்று எதனையும் கையில் கொடாமல் விவசாயியின் கையிலிருந்ததைப் பறித்தது சீர்திருத்தமன்று. பூஞ்சணம் உயிர்ப்பொருள், அதற்கு ஈரமும் மக்கிய எருவும் காலமும் வேண்டும். அது எல்லாப் புழுவையும் அழித்துவிடாது. பயிர்ச் சுழற்சியும் நல்ல நாற்றும் துணை நிற்க வேண்டும். வர்த்தமானிக்குக் கீழ்ப்படிந்து அது வளராது.

கியூபா நமக்கு வேறு பாதையைக் காட்டிற்று. நஞ்சு வாங்கப் பணமற்றிருந்த 1990களில், கிராமங்களுக்கு அருகே இருநூறுக்கும் மேற்பட்ட சிறு நிலையங்களில் நன்மை தரும் பூச்சிகளையும் பூஞ்சணங்களையும் அந்நாட்டார் பெருக்கினர்.

மாத்தளையில் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கங்கள் இருக்கின்றன. படித்து வேலையின்றி நிற்கும் தோட்டத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். இவை மூன்றையும் இணைக்கும் உறுதிதான் இல்லை. அது இல்லாதவரை, மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சணத்தையே பொட்டலமாக்கி வியாபாரி நமக்கு விலை கூறுவான்.

ஆசிரியர்களே, மாணவர்களே! பாடசாலைத் தோட்டத்தில் வாடிய செடியொன்றைப் பிடுங்கி அதன் வேரைப் பாருங்கள். முடிச்சு இருந்தால், நம் விஞ்ஞான பாடம் அங்கிருந்தே தொடங்கட்டும். மண்ணில் விளைந்த அறிவு மண்ணில் உழைப்போருக்கே உரியது.