பச்சை மணலில் பொட்டாஷ் இருக்கிறது, பயிருக்கு வருமா?

ஊரில் காணி நிலம் வைத்திருக்கும் நம்மவர்களுக்குப் பொட்டாஷ் உரத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சம்பளம் வாங்கியதும் வீட்டுக்கு அனுப்பும் பணத்தில் ஒரு பகுதி உரக்கடைக்குத்தான் போகிறது. 2021-ல் மூட்டை 1,000 ரூபாயை ஒட்டி இருந்த பொட்டாஷ், 2022-ல் 1,700 ரூபாய்க்கு ஏறியது. அதே கடையில் 45 கிலோ யூரியா மூட்டையின் விலை, வரி நீங்கலாக, 242 ரூபாய்தான்.

இந்நிலையில் விவசாயி என்ன செய்வார்? யூரியாவை அள்ளிப் போட்டுப் பொட்டாஷைக் குறைப்பார். பயிர் பச்சைப் பசேலென்று நிற்கும். ஆனால் தண்டில் வலு இருக்காது, கதிரில் பதர் மிகும், வாழைத்தார் சிறுக்கும். விளைச்சலில் விழும் அடி, வெளிமாநிலத்தில் வேலை பார்க்கும் மகனின் சட்டைப்பையில்தான் கடைசியில் விழுகிறது.

விலை ஏறியது ஏன்?

நமது நாட்டில் பொட்டாஷ் சுரங்கம் கிடையாது. வயலுக்குப் போகும் மூரியேட் ஆப் பொட்டாஷ் முழுவதும் கனடா, ரஷ்யா, பெலாரஸ், இஸ்ரேல், ஜோர்டான் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 2021-ல் பெலாரஸ் மீது மேலை நாடுகள் பொருளாதாரத் தடை விதித்தன. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டது. 2021-ல் டன் 280 டாலருக்கு வாங்கிய சரக்கை 2022-ல் 590 டாலருக்கு வாங்க நேர்ந்தது.

2024-ல் ஒப்பந்த விலை 279 டாலருக்கு இறங்கியது. ஆனால் மத்திய அரசின் மானியமும் கூடவே இறங்கிவிட்டது. 2022 கோடைப் பருவத்தில் பொட்டாஷ் சத்து கிலோ ஒன்றுக்கு 25 ரூபாய் 31 காசாக இருந்த மானியம், 2023 அக்டோபரில் தொடங்கிய பருவத்துக்கு 2 ரூபாய் 38 காசாயிற்று. ஆகவே உலகச் சந்தை இறக்கத்தின் முழுப் பலன் விவசாயியின் கைக்கு வரவில்லை.

அரசின் கண் பட்ட பச்சைக் கனிமம்

இதற்கு மாற்றாக அரசு சுட்டிக்காட்டும் பொருள்களில் ஒன்று கிளாக்கோனைட் என்னும் பச்சை நிறக் கனிமம். 2022 மார்ச்சில் மத்திய அமைச்சரவை இதற்கு ராயல்டி விகிதம் நிர்ணயித்தது. 2023 ஆகஸ்டில் அமலுக்கு வந்த சுரங்கச் சட்டத் திருத்தம், முக்கியக் கனிமங்கள் 24-ல் ஒன்றாக இதைச் சேர்த்தது. அவ்வாண்டு நவம்பரில் மத்திய அரசு ஏலத்துக்கு விட்ட 20 சுரங்கப் பகுதிகளில் பீகாரின் ரோத்தாஸ் மாவட்டத்துக் கிளாக்கோனைட் பகுதிகளும் இருந்தன.

இனி வெளிநாட்டின் தயவு தேவையில்லை என்று சிலர் மகிழ்கின்றனர். அவசரப்பட வேண்டாம். இந்தக் கனிமம் எப்படி உண்டாயிற்று என்று பார்த்தால் உண்மை நிலை விளங்கும்.

கடலடியில் பிறந்த கதை

கிளாக்கோனைட், காக்காப்பொன் என்று நாம் அழைக்கும் அப்பிரகத்தின் உறவு. ஏடு ஏடாக அமைந்த சிலிகேட் கனிமம். இரும்பு கலந்திருப்பதால் பச்சை நிறம். ரவை போன்ற சிறு மணிகளாகப் பாறையில் கலந்து கிடக்கும்.

அது பிறக்கும் இடம் அதிக ஆழமில்லாத கடலடி. பெரும்பாலும் 50 முதல் 500 மீட்டர் ஆழம். ஆற்று வண்டல் நிறைய வந்து மூடும் இடத்தில் அது வளராது. அமைதியாக, மிக மெதுவாக மண் படியும் இடம் வேண்டும். அங்கே செத்துப்போன நுண்ணுயிர்களின் ஓடுகளுக்குள்ளும், கடற்புழுக்களின் எச்ச உருண்டைகளுக்குள்ளும் பிராணவாயு குறைந்திருக்கும். அந்தச் சிறு அறைக்குள் முதலில் இரும்பு கலந்த களிமண் உண்டாகிறது. பிறகு கடல் நீரிலுள்ள பொட்டாசியம் சிறிது சிறிதாக அதன் ஏடுகளுக்கு இடையே போய் உட்காருகிறது. வெளிர் பச்சை கரும்பச்சையாகிறது. முற்றிப் பழுக்கப் பத்து லட்சம் ஆண்டுகள்கூட ஆகும்.

ரோத்தாஸ் பகுதிப் பாறைகள் நூறு கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. இன்று கடலே இல்லாத பீகாரில் அன்று கடல் இருந்தது. குஜராத்தின் கட்ச் பகுதியிலும், நமது பெரம்பலூர் மாவட்டக் காரைப் பகுதியிலும் பழங்கடல் விட்டுச்சென்ற பாறைகளில் இக்கனிமம் காணப்படுகிறது.

சிக்கல் எங்கே?

அவ்வளவு காலம் எடுத்து உள்ளே புகுந்த பொட்டாசியம், கேட்டவுடன் வெளியே வராது. இரண்டு ஏடுகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் ஆணியே அதுதான். கடையில் வாங்கும் பொட்டாஷ் உப்பு தண்ணீரில் கரைந்து வேருக்குப் போகிறது. கிளாக்கோனைட் அவ்வாறு கரைவதில்லை. அமிலத்தில் ஊறவைக்க வேண்டும். அல்லது வேறு உப்புகளுடன் சூளையில் வறுத்துப் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டும் செலவு பிடிக்கும், கழிவும் மிஞ்சும்.

அளவும் குறைவு. இறக்குமதிப் பொட்டாஷில் சத்து நூற்றுக்கு 60 பங்கு. கிளாக்கோனைட்டிலோ பெரும்பாலும் 4 முதல் 8 பங்குதான். ஒரு மூட்டைப் பொட்டாஷில் 30 கிலோ சத்து. நூற்றுக்கு 6 பங்கு கொண்ட கனிமத்தில் அதே சத்தைப் பெற 500 கிலோ, அதாவது பத்து மூட்டை வேண்டும். ரோத்தாஸிலிருந்து தஞ்சாவூருக்குப் பத்து மூட்டை ஏற்றி வரும் லாரி வாடகையை யார் கொடுப்பது?

அமெரிக்காவில் நியூ ஜெர்சி விவசாயிகள் 19-ம் நூற்றாண்டில் இந்தப் பச்சை மணலை அப்படியே வயலில் கொட்டியவர்கள்தாம். 1861-ல் ஜெர்மனியின் ஸ்டாஸ்பர்ட் சுரங்கத்துப் பொட்டாஷ் உப்பு சந்தைக்கு வரத் தொடங்கிய பிறகு, கரையும் உப்பின் முன் பச்சை மணல் நிற்க முடியவில்லை.

முதலாளிகளுக்கும் இந்தக் கணக்குத் தெரியும். 2023 நவம்பரில் ஏலத்துக்கு வந்த 20 பகுதிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றின் ஏலம், போதிய போட்டியாளர் இல்லாமல் ரத்தாயிற்று.

செய்ய வேண்டியது

கிளாக்கோனைட்டைக் கைவிட வேண்டும் என்பதல்ல நமது வாதம். குறைந்த செலவில் பொட்டாஷைப் பிரிக்கும் முறையை நமது ஆய்வுக்கூடங்கள் பெரிய அளவில் நடத்திக் காட்ட அரசு பணம் ஒதுக்கட்டும். சுரங்கத்தின் அருகிலுள்ள மாவட்டங்களில் நீண்டகாலப் பயிர்களுக்கு நேரடியாக இட்டுச் சோதிக்கட்டும். சர்க்கரை ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து கிடைக்கும் பொட்டாஷ் உரம் 2021-லேயே மானியத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. கரும்பு விளையும் ஊர்களில் அது கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. அதை ஏன் முழுமையாகப் பயன்படுத்தக்கூடாது?

ஏல அறிவிப்பு வேறு. உர மூட்டை வேறு. பச்சை மணல் உரமாகும் நாள் வரை, பொட்டாஷ் மானியத்தைக் குறைக்காமல் காப்பதே மத்திய அரசின் கடமை. பத்து லட்சம் ஆண்டு காத்திருக்கக் கடலால் முடியும். குறுவை நட்டவரால் முடியாது.