வானை நோக்கிய பீரங்கி வீட்டை நோக்கித் திரும்புவது ஏன்?

ஆயுதங்களில் இருவகை உண்டு என்று உலகத்து அரசாங்கங்களெல்லாம் ஒரே குரலில் ஓதி வருகின்றன. ஒன்று தாக்கும் ஆயுதமாம். மற்றது காக்கும் ஆயுதமாம். முன்னதை வாங்கும்போது சற்றே கூச்சப்படுவோரும் பின்னதை வாங்கும்போது மார்தட்டிக் கொள்கின்றனர். இது பிறரைத் தாக்குவதற்கன்று, எமது வானத்தைக் காப்பதற்கே என்று ஓர் அமைச்சர் எழுந்து கூறிவிட்டாற் போதும். பாராளுமன்றத்திற் கேள்வி அடங்கிவிடும். பத்திரிகையிற் பேனா ஓய்ந்துவிடும். திறைசேரியின் கதவு திறந்துவிடும். இந்தக் கூற்றை நாம் நம்பவில்லை. ஏன் நம்பவில்லை என்பதை, காக்கும் ஆயுதம் என்ற பெயருக்கு முழுத் தகுதியும் உடைய ஒரு யந்திரத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றி எடுத்துரைக்க விரும்புகிறோம்.

அந்த யந்திரம் ருஷ்யாவின் துங்குஸ்கா. 1970ஆம் ஆண்டில் இதனை ஆக்கும் பணி தூலா நகரத்து ஆயுத வடிவமைப்பு நிலையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஆர்க்காடி ஷிப்புனோவ் என்பார் தலைமை வடிவமைப்பாளர். 1982இல் அது சோவியத் படையிற் சேர்ந்தது. ஏறத்தாழ 34 தொன் எடை. சங்கிலிப் பட்டைகளின்மேல் ஊர்ந்து, டாங்கி செல்லும் சேற்று நிலமெல்லாம் தானும் செல்லும். சுழல்மேடையின் இருமருங்கிலும் 30 மில்லிமீற்றர் இரட்டைக்குழாய்ப் பீரங்கி ஒவ்வொன்று. இரண்டும் சேர்ந்து நிமிடத்துக்கு 4,000க்குக் குறையாத வேகத்தில் குண்டு பொழிய வல்லன. அவற்றோடு 8 ஏவுகணைகள். பீரங்கி 4 கிலோமீற்றர் வரை எட்டும். ஏவுகணை 8 கிலோமீற்றர் வரை எட்டும். 2003இல் வந்த திருத்திய வடிவில் ஏவுகணையின் எல்லை 10 கிலோமீற்றராயிற்று. அயலகமான இந்தியாவின் படையிலும் இந்த யந்திரம் உண்டு.

இதன் பிறப்புக்கு நியாயமான காரணம் இருந்ததை நாம் மறைக்கப் போவதில்லை. இதற்கு முன்னோடியான ஷில்கா என்ற வாகனத்தின் 23 மில்லிமீற்றர் பீரங்கிகள் 2.5 கிலோமீற்றர் தூரமே எட்டின. அமெரிக்கரோ அதற்கும் அப்பால் நின்றபடியே டாங்கியை ஏவுகணையால் அடிக்கும் ஹெலிகொப்டர்களையும், கவசம் பூண்ட தாக்குதல் விமானங்களையும் ஆக்கி வந்தனர். வானத்திலிருந்து வரும் அடிக்குத் தரையிலிருந்து விடை வேண்டும் என்று சோவியத் தளபதிகள் கருதினர். அந்த விடையே துங்குஸ்கா. இதைவிடத் தூய பாதுகாப்பு நோக்கம் உடைய ஆயுதத்தைத் தேடினும் காண்பதரிது.

பெயர்களைப் பாருங்கள். ஷில்காவும் துங்குஸ்காவும் சைபீரிய ஆறுகள். உழவனுக்கு ஆறு என்றால் நீர். நீர் என்றால் நெல். ஆயுதக்காரருக்கு ஆறு என்றால் பீரங்கி! துங்குஸ்காவின் அடிச்சட்டத்தைச் செய்து கொடுத்தது எது தெரியுமா? மின்ஸ்க் நகரத்து உழவு யந்திரத் தொழிற்சாலை. வயலை உழும் யந்திரம் பிறந்த அதே கூடத்தில்தான் இந்தச் சங்கிலிப் பட்டைகளும் பிறந்தன. எமது கமக்காரர் இதனைக் கேட்டுச் சிரிப்பாரா, அழுவாரா?

இனி, வானத்தைக் காக்கப் பிறந்தவை எங்கே சுட்டன என்று பார்ப்போம்.

முதலில் மூத்ததான ஷில்கா. 1979 முதல் 1989 வரை ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் போரிட்டன. எதிர்த்து நின்ற ஆப்கானியரிடம் ஒரு போர்விமானமும் இல்லை. ஆயினும் ஷில்காக்கள் அங்கே கொண்டு செல்லப்பட்டன. மலைச்சரிவுகளை நோக்கிச் சுட்டன. அந்தப் போருக்கென்றே திருத்திய வடிவம் ஒன்றும் ஆக்கப்பட்டது. திருத்தம் யாது? ராடர் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்திலும் குண்டுகளை அடுக்கினர். 2,000 குண்டு சுமந்த வாகனம் 4,000 குண்டு சுமந்தது. வானத்தைப் பார்க்கும் கண்ணைப் பிடுங்கிவிட்டுக் குண்டை இரட்டித்த பின்னரும் அதன் பெயர் விமான எதிர்ப்பு ஆயுதமே! என்னே பெயரின் பெருமை!

அடுத்து துங்குஸ்கா. 1991இல் செச்சினியா தனிநாடாகத் தன்னைப் பிரகடனம் செய்தது. மொஸ்கோ அதனை ஏற்கவில்லை. செச்சினியர் ருஷ்யப் பிரஜைகளே என்றது. 1994 டிசம்பரில் படை புறப்பட்டது. பாராளுமன்றத்தின் வாக்கெடுப்பு இன்றி, அவசரகால நிலைப் பிரகடனமும் இன்றி, ஜனாதிபதி எல்ற்சினின் ஆணைகளைக் கொண்டே அந்தப் போர் தொடங்கப்பட்டது. செச்சினியரிடம் இருந்த விமானங்கள் அந்த மாதத்தின் தொடக்கத்திலேயே தரையில் வைத்து அழிக்கப்பட்டன. வானில் எதிரி இல்லை. எதிரி வரவும் வழியில்லை.

அவ்வாறாயின் குறொஸ்னி நகருக்குள் விமான எதிர்ப்பு வாகனங்கள் சென்றது எதற்கு? 1994 டிசம்பர் 31ஆம் நாள் டாங்கிகள் நகருக்குட் புகுந்தன. செச்சினியப் போராளிகள் நிலவறைகளிலும் மேல்மாடிகளிலும் இருந்து அவற்றை அடித்தனர். டாங்கியின் குழாய் 14 பாகை அளவே மேலே உயரும். மேல்மாடியை அதனால் எட்ட முடியவில்லை. துங்குஸ்காவின் குழாயோ 87 பாகை வரை நிமிரும். ஆகவே ஷில்காவையும் துங்குஸ்காவையும் டாங்கி அணிகளோடு சேர்த்து அனுப்பினர். விமானத்தைத் தேடி நிமிர வேண்டுமென்று பொறியியலாளர் அமைத்த அதே நிமிர்வு, குடியிருப்பு மாடிகளின் ஜன்னல்களை நோக்கி நிமிர்ந்தது. புதிய யந்திரம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. கட்டளை மாறியது, அவ்வளவே.

அந்த வீடுகளில் இருந்தோர் யாவர்? செச்சினியருட் பலர் மலைக் கிராமங்களில் இருந்த உறவினரிடம் ஓடிச்சென்றனர். ஓடிச்செல்லக் கிராமம் இல்லாதோர் நகரில் தங்கினர். அவர்களுட் பெருந்தொகையினர் முதிர்ந்த வயதுடைய ருஷ்யர்! தம் ஓய்வூதியத்தை நம்பி அறைக்குள் இருந்த கிழவரும் கிழவியரும், தம் நாட்டுப் படையின் குண்டுக்கே இரையாயினர். நகரில் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் மாண்டனர். வானத்திலிருந்து விழும் குண்டுக்குப் பதுங்குகுழி வெட்டி வாழ்ந்த எமது வாசகருக்கு, நிலவறையில் இருப்பதன் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை.

அன்று மறுத்துரைத்தோரும் ருஷ்யரிடையே இருந்தனர் என்பதைக் கூறாவிடின் நாம் அநீதி இழைத்தவராவோம். தரைப்படையின் முதல் துணைத் தளபதி எதுவார்ட் வரபியோவ் அந்தப் படையெடுப்புக்குத் தலைமை தாங்க மறுத்துப் பதவியைத் துறந்தார். பாராளுமன்றத்தின் மனித உரிமை ஆணையாளர் செர்கேய் கவலியோவ் குண்டு விழும் குறொஸ்னியிலேயே தங்கியிருந்து, மாண்டோர் நிலையை உலகுக்கு அறிவித்தார். 1995 மார்ச்சில் அதே பாராளுமன்றம் அவரைப் பதவியிலிருந்து நீக்கியது. இல்லை என்று சொல்லும் நாவு மனிதனுக்குத்தான் உண்டு, பீரங்கிக்கு இல்லை. அந்த நாவைக் கட்டிவிட்ட நாட்டில் எந்த ஆயுதமும் எந்தத் திசையிலும் திரும்பும்.

எம்மை மறுப்போர் இவ்விடத்தில் எழுந்து கேட்பர்: அப்படியாயின் ஒரு நாடு தன் வானத்தைத் திறந்து போட்டுவிட்டு, வருகின்ற குண்டை வரவேற்க வேண்டுமா? அல்லவே அல்ல. 2022 பெப்ரவரியில் ருஷ்யா உக்ரேன்மீது முழுப் படையெடுப்பை நடத்தியபோது, சோவியத் காலத்தில் தமக்குக் கிடைத்த துங்குஸ்காக்களை உக்ரேனியரும் தம் வானைக் காக்க நிறுத்தினர். அவர்கள் செய்ததைக் குற்றம் என்போம் அல்லேம். குண்டு விழும் ஊருக்குக் கேடயம் வேண்டும். ஆயினும் எதிர்ப்புறத்தில் படையெடுத்து வந்த அணியோடும் அதே துங்குஸ்கா வந்தது என்பதைக் கவனியுங்கள். டாங்கிக்குக் கேடயம் கிடைத்தால் டாங்கி இன்னும் தூரம் செல்லும். ஒரே வாகனம், ஒரே குழாய், ஒருபுறம் காவல், மறுபுறம் படையெடுப்பு. ஆகவே காவல் என்ற குணம் யந்திரத்தில் இல்லை. ஏவுகின்ற அரசிலும், அந்த அரசைத் தட்டிக் கேட்கும் சட்டத்திலும்தான் அது உண்டு அல்லது இல்லை.

உண்மையாகவே வானைக் காக்கும்போதும் இதுவே நிலை. 2024 டிசம்பர் 25ஆம் நாள் பாக்கூவிலிருந்து குறொஸ்னிக்குப் புறப்பட்ட அசர்பைஜான் பயணிகள் விமானம் ஒன்று, குறொஸ்னியை அணுகியபோது அடிபட்டு, கஸ்பியன் கடலைத் தாண்டிக் கசகஸ்தானில் விழுந்தது. 67 பேரில் 38 பேர் மாண்டனர். துங்குஸ்காவின் வழித்தோன்றலாகத் தூலாவிற் பிறந்த பன்சீர் என்ற ஆயுதமே அடித்தது என்று அசர்பைஜான் தரப்பிற் கூறப்பட்டது. மூன்று நாளில் ஜனாதிபதி புட்டின் வருத்தம் தெரிவித்தார். ஆனால் அடித்தது யார் என்று அன்று கூறவில்லை. ருஷ்ய ஏவுகணைகள் அந்த விமானத்தின் அருகே வெடித்தன என்று அவர் வாய்திறக்க 2025 ஒக்டோபர் வரை சென்றது. உண்மைக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் தவணை! தலைவன் கூறினாலன்றி உண்மை வெளிவராத நாட்டில், மாண்டவரின் வீட்டார் யாரிடம் சென்று நியாயம் கேட்பது?

ஆகவே தமிழ்ப் பெருமக்களே, எந்த நாட்டு அரசாங்கமாயினும் காக்கும் ஆயுதம் என்று கூறிக்கொண்டு வரும்போது அதன் தூரத்தையும் வேகத்தையும் வியந்து நில்லாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதனைத் திருப்பும் கட்டளையை யார் இடுவார்? அந்தக் கட்டளையை மக்களின் மன்றம் தடுக்க முடியுமா? தவறி ஓர் உயிர் போயின், அதற்கு எந்த நீதிமன்றம் விடை கேட்கும்? இவற்றுக்கு மறுமொழி இல்லையெனின், வாங்கப்படுவது கேடயம் அன்று. சட்டத்தரணிகள் இதனைச் சட்டமொழியிற் கேட்கட்டும். பொறியியலாளர் தம் கைத்திறன் எத்திசையில் திரும்புகிறது என்று கேட்கட்டும். விளைச்சலில் வரி கொடுக்கும் கமக்காரர் எல்லாருக்கும் முன்னதாகக் கேட்கட்டும், பணம் அவருடையது.

இந்தத் தூலா நகரத்திலிருந்து சுமார் 12 கிலோமீற்றர் தூரத்தில் யாஸ்நாயா பொல்யானா என்னும் பண்ணை இருக்கிறது. அங்கே வாழ்ந்தவர் டால்ஸ்டாய். இளமையில் அவரும் பீரங்கிப் படையாளராகக் கோக்கசஸ் மலைகளிற் செச்சினியரை எதிர்த்து நின்றவரே. கண்டதை அவர் மறக்கவில்லை. ருஷ்யப் படை பாழாக்கிய செச்சினியக் கிராமத்தைத் தமது ஹாஜி முராத் நவீனத்தில் எழுதி வைத்துவிட்டே மறைந்தார். 1908 டிசம்பரில் அவர் இந்தியர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தைக் காந்தியடிகள் தமது பத்திரிகையில் வெளியிட்டார். அந்தக் கடிதத்தில் டால்ஸ்டாய் எடுத்துக் காட்டிய நூல்களுள் எமது திருக்குறளும் ஒன்று. அவர் தேர்ந்தெடுத்த அதிகாரம் இன்னா செய்யாமை.

பீரங்கி வார்க்கும் நகரத்தின் அயலிலிருந்து, பீரங்கிப் படையாளராயிருந்த ஒருவர், வள்ளுவரிடம் அந்த அதிகாரத்தைத் தேடி வந்தார். அந்தக் குறளைப் பள்ளியிற் பாடமாக ஓதிய நாம், ஆயுதத்தின் பெயரைக் கேட்டு மயங்கி நிற்பது தகுமா?