அவர்கள் ஏன் கப்பல் ஏறினார்கள்?



'ஆங்கிலேயர்கள் ஏன் அமெரிக்காவில் குடியேறினர்?' என்று கேள்வி வந்தால், 'மத சுதந்திரத்திற்காக' என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவீர்கள். அந்த விடைக்கு நானும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். ஆனால், அது பாதி விடைதான்!

1607ல் விர்ஜினியாவில் ஜேம்ஸ்டவுன் என்ற ஊரை அமைத்தவர்களை அனுப்பியது ஒரு வியாபாரக் கம்பெனி. தங்கம் கிடைக்கும் என்று லண்டன்காரர்கள் அதில் பங்கு போட்டிருந்தார்கள். தங்கம் கிடைக்கவில்லை, பசியும் காய்ச்சலும்தான் கிடைத்தன. 1609ம் ஆண்டுக் குளிர்காலத்தில் குதிரை, நாய், எலி என்று எதையும் விடாமல் தின்றார்கள். நூற்றுக்கணக்கானவர்களில் சுமார் 60 பேரே பிழைத்தார்கள். பிறகு புகையிலைச் சாகுபடிதான் அந்த ஊரைக் காப்பாற்றியது.

இவ்வளவு கேட்ட பிறகும் ஏன் மேலும் மேலும் ஆட்கள் போனார்கள்?

அன்றைய இங்கிலாந்தில், ஊர்ப் பொதுநிலங்களுக்கெல்லாம் பண்ணையார்கள் வேலி போட்டு, ஆடு வளர்த்தார்கள். கம்பளிக்கு அவ்வளவு கிராக்கி! மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் இடமில்லாமல் போன ஏழைகள் வேலை தேடி அலைந்தார்கள். கப்பல் கட்டணத்துக்குக்கூடக் காசில்லை. அதற்கு ஈடாக, நான்கு முதல் ஏழு ஆண்டுகள் சம்பளமில்லாமல் உழைப்பதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அதை முடித்தால் காணி நிலமாவது கிடைக்காதா என்ற ஆசை. பலர் அந்த ஆண்டுகள் முடியும் முன்பே இறந்துபோனார்கள்.

மதத்துக்காகப் போனவர்களும் உண்டு. அரசரின் சபையை ஏற்காமல் தனியாக வழிபட்டவர்களுக்கு அபராதம், சிறை. அவர்களில் சிலர் முதலில் ஹாலந்துக்கு ஓடினார்கள். அங்கே வழிபடத் தடையில்லை. ஆனால், வறுமை! பிள்ளைகள்கூடக் கடுமையாக உழைத்து, சிறு வயதிலேயே கூனிப் போனார்களாம். பிள்ளைகள் டச்சுக்காரர்களாகவே மாறிவிடுவார்களோ என்ற கவலை வேறு. பெற்றோருக்கே உரிய கவலை!

1620ல் 'மேபிளவர்' கப்பலில் 102 பேர் புறப்பட்டார்கள். அவர்களில் பலர் இந்த மதக் குழுவைச் சேராதவர்கள். பிழைப்புத் தேடிப் போனவர்கள். நடுக்கடலில் ஒரு குழந்தைகூடப் பிறந்தது. ஓஷனஸ் என்று பெயர் வைத்தார்கள். ஏறியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முதல் குளிர்காலத்திலேயே இறந்தார்கள்.

அவர்கள் பிளைமவுத் என்ற ஊரைக் கட்டிய இடம் யாருக்கும் சொந்தமில்லாத காடு அல்ல. அங்கே படுக்ஸெட் என்ற கிராமம் இருந்தது. அந்த ஊர்க்காரரான ஸ்குவாண்டோ என்பவரை, 1614ல் ஆங்கிலேயக் கப்பல் தலைவன் ஒருவன் கடத்திப்போய், ஸ்பெயினில் அடிமையாக விற்க முயன்றான். அவரும் கடல் கடந்தவர்தான். ஆனால், ஆசைப்பட்டுப் போகவில்லை. எப்படியோ தப்பி, இங்கிலாந்து வழியாக 1619ல் திரும்பி வந்து பார்த்தால், ஊரே இல்லை. வெள்ளைக்காரர்களிடமிருந்து பரவிய கொள்ளைநோய் எல்லோரையும் கொண்டுபோய்விட்டது.

1621 வசந்தத்தில், பசியோடிருந்த புதியவர்களுக்கு மக்காச்சோளம் விதைக்கக் கற்றுக் கொடுத்தவர் அந்த ஸ்குவாண்டோதான். அவர்கள் விதைத்தது, அவருடைய ஊரார் உழுத நிலத்தில்!