ஒலிம்பிக் பந்தமும் ஹிட்லர் சினிமாவும்

ஒலிம்பிக் பந்தயம் வரும்போதெல்லாம், கிரீஸ் தேசத்தில் பூசாரிப் பெண்கள்போல் வேஷம் தரித்தவர்கள் அப்பல்லோ தெய்வத்தை வேண்டிச் சூரிய ஒளியைக் கண்ணாடியில் பிடித்துத் தீ மூட்டுவதும், அத்தீயை ஓட்டக்காரர்கள் பந்தத்தில் ஏந்திக் கைமாற்றிக் கொண்டுபோவதும் வழக்கமாயிருந்து வருகின்றது. இது ஏதோ ஆயிரக்கணக்கான வருஷத்துப் புராதன வழக்கமென்றே வெகு ஜனங்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். படித்தவர்கள்கூட அப்படித்தான்.

உண்மை என்னவென்றால், இச்சடங்கிற்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. 1936-ம் வருஷம் ஜூலை 20-ந் தேதி, ஹிட்லர் ஆட்சியில் நடந்த பெர்லின் பந்தயத்திற்காகத்தான் இது முதன்முதல் நடத்தப்பட்டது. யோசனை சொன்னவர் பந்தயக் கமிட்டிக் காரியதரிசி கார்ல் டீம். பந்தத்தின் பிடியைச் செய்துகொடுத்தது பீரங்கி வார்க்கும் கிருப் கம்பெனி. பழைய கிரேக்கர்கள் ஒலிம்பியாப் பந்தயத்திற்காக இப்படித் தேசம் தேசமாய் நெருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடியதே கிடையாது. 1948-ல் லண்டனில் மறுபடி பந்தயம் கூடியபோது ஹிட்லரும் இல்லை, சுவஸ்திகக் கொடியும் இல்லை. பந்தம் மாத்திரம் ஓடிற்று, இன்னும் ஓடுகிறது.

நேற்றுச் செய்த சடங்கு இத்தனை சீக்கிரத்தில் எப்படிப் பழமையாயிற்று? அதற்குப் பெருந்துணை செய்தது ஒரு சினிமாப் படம். லேனி ரீஃபென்ஸ்டால் என்னும் அம்மையார் எடுத்த 'ஒலிம்பியா' என்னும் அந்தப் படம் 1938 ஏப்ரல் 20-ந் தேதி, அதாவது ஹிட்லரின் பிறந்த நாளன்று, பெர்லினில் அரங்கேறியது. இடிந்த கிரேக்கக் கோவில்களில் அது தொடங்குகின்றது. தட்டு எறிபவனின் பழைய சிலை நம் கண்ணெதிரே உயிருள்ள ஜெர்மன் வாலிபனாய் மாறுகின்றது. பிறகு பந்தம் புறப்பட்டுப் பெர்லின் வந்து சேருகின்றது. கிரேக்கரின் வாரிசு ஜெர்மானியரே என்று எவனும் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே மனதில் ஏற்றியாயிற்று. பந்தம் கடந்துவந்த தேசங்களில் ஆஸ்திரியா, படம் அரங்கேறுவதற்கு ஒரு மாதம் முன்னமே விழுங்கப்பட்டது. செக்கோஸ்லோவாகியா 1939-லும், யூகோஸ்லாவியாவும் கிரீசும் 1941-லும் அதே கதியை அடைந்தன.

இது கலைக்காகத் தாமாக எடுத்த படமே ஒழிய, சர்க்கார் படமல்ல என்று அந்த அம்மையார் நெடுநாள் சாதித்து வந்தார். பணம் கொடுத்தது கெப்பல்ஸின் பிரசார மந்திரி இலாகா. பெயருக்கு ஒரு கம்பெனியை நிறுத்தி அதன் வழியாகக் கொடுத்தார்கள் என்பதற்குத் தஸ்தாவேஜுகள் இருக்கின்றன.

படம் அழகாயிருப்பதை நாம் மறுக்கவில்லை. குழி வெட்டி அதிலிருந்து படம் பிடித்ததும், தண்ணீருக்குள் காமிராவை இறக்கியதும் சாமர்த்தியமான வேலையே. நான்கு தங்கப் பதக்கம் வென்ற அமெரிக்க நீக்ரோ வீரர் ஜெஸ்ஸி ஓவன்சையும் படம் மறைக்கவில்லை. "பார்த்தீர்களா, இதில் துவேஷம் எங்கே?" என்று கேட்போர் இதைத்தான் காட்டுகிறார்கள். முழுப் பொய்யை எவன் காசு கொடுத்துப் பார்ப்பான்? உலகமே நேரில் கண்ட வெற்றியை மறைத்தால் படத்தையே யாரும் நம்பமாட்டார்கள். ஆதலால் காட்டியதை விட்டுக் காட்டாததைப் பார்க்கவேண்டும்.

பந்தயத்திற்காக யூதர் விரோத விளம்பரப் பலகைகளைத் தெருக்களிலிருந்து கழற்றிவைத்தார்கள். ஜூலை மாதத்திலேயே பெர்லினிலிருந்த ஜிப்ஸிகளைப் பிடித்து, மார்ட்சான் என்னுமிடத்தில் சாக்கடைப் பண்ணைக்கருகே அடைத்தார்கள். அதே கோடையில் நகருக்கு வடக்கே சாக்ஸன்ஹவுசன் சிறைமுகாம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. இவையெல்லாம் செய்தவர்கள், பிறப்பினால் தாங்களே உயர்ந்தோர் என்று காட்டிக்கொள்ள எடுத்துக்கொண்ட பெயர் 'ஆரியர்' என்பது. நம் தோழர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

கிரெட்டல் பெர்க்மன் என்ற யூதப் பெண் 1936 ஜூனில் 1.60 மீட்டர் உயரம் தாண்டி ஜெர்மன் சாதனைக்குச் சமமாய் நின்றார். யூதரையும் சேர்த்திருக்கிறோம் என்று வெளிநாட்டார் வாயை அடைக்கும்வரை அவரை வைத்திருந்து, பந்தயத்திற்கு இரண்டு வாரம் முன்பு, போதிய திறமை இல்லை என்று கடிதம் எழுதி நீக்கிவிட்டார்கள். பெர்லினில் பதக்கம் வாங்கிய மூன்று பெண்களும் முதலில் தாண்டிய உயரம் அதே 1.60 மீட்டர்தான். அவர்கள் தாண்டுவது 'ஒலிம்பியா' படத்தில் இருக்கின்றது.