வல்லாள மகாராஜா ஒளிந்து வாழ்ந்தவரா?

தலைநகர் துவாரசமுத்திரத்தைக் காக்க முடியாமல் திருவண்ணாமலையில் வந்து ஒளிந்தவர் என்று ஹொய்சள மன்னர் மூன்றாம் வீரவல்லாளரைச் சிலர் எள்ளுகிறார்கள். 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரிடம் பணிந்தார், உண்மை. ஆனால் ஒளிந்து வாழ்பவர் எண்பது வயதில் படை நடத்தி, கண்ணனூரில் மதுரை சுல்தானின் கோட்டையை முற்றுகையிடுவாரா? கோட்டை விழும் தறுவாயில், மதுரையைக் கேட்டுச் சொல்ல உள்ளிருந்தவர்கள் தவணை கேட்டார்கள். கொடுத்தார். அந்தத் தவணைக்குள்தான் சுல்தான் கியாசுதீன் எதிர்பாராமல் பாய்ந்தார். பிடிபட்ட முதியவரின் செல்வத்தையெல்லாம் பறித்துக்கொண்டு, கொன்று, தோலை உரித்து வைக்கோல் திணித்து மதுரை மதிலில் தொங்கவிட்டார்கள். இதை எழுதியவர் ஹொய்சள அவைப் புலவர் அல்லர். அந்தச் சுல்தானுக்கே சகலையான பயணி இப்னு பதூதா. தொங்கியதைக் கண்ணால் கண்டவர்.

260இல் பாரசீகரிடம் சிறைப்பட்ட ரோமப் பேரரசர் வலேரியனின் தோலும் இப்படித்தான் உரிக்கப்பட்டுக் கோயிலில் வைக்கப்பட்டதாகக் கிறித்தவ எழுத்தாளர் லாக்டான்டியஸ் எழுதினார். வலேரியனை மகன் காலியேனஸ் மீட்கவே இல்லை. பிள்ளையில்லாதவர் என்று ஐதீகம் சொல்லும் வல்லாளருக்கோ, மாசி மகந்தோறும் திருவண்ணாமலை அருணாசலேஸ்வரரே மகனாகப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளித் திதி கொடுக்கிறார். ஓடி ஒளிந்த ஒருவருக்காகவா இந்த ஊர் இதை விடாமல் செய்கிறது? அருணாசலேஸ்வரர் கோயில் கோபுரம் ஒன்றுக்கு அவர் பெயர் வைத்தது முகஸ்துதி என்பவர்கள், கண்ணனூர்ப் போரைப் படித்துவிட்டுப் பேசட்டும்.